வகுப்பறையும் மண்டபமும்

பணம் வாங்காது காட்டும் படத்துக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்பது பலருடைய எண்ணம். கல்லூரி மாணவரிடையே இவ்வெண்ணம் நன்கு வேரூன்றியிருக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் சட்டமோ இதனை ஏற்பதில்லை.

அந்நாட்டின் 1976 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பொதுக்காட்சி எது என்று வகுக்குமிடத்துக் கட்டணத்தைப் பற்றிப் பேசவேயில்லை. குடும்பத்தார், நண்பர் என்ற வட்டத்தைக் கடந்து கணிசமான தொகையினர் கூடுமிடத்திலே காட்டினால் அது பொதுக்காட்சியே. மாணவர் விடுதிக் கூடத்திலே இலவசமாகக் காட்டும் படமும் இதற்கு விலக்கன்று.

கல்விக்கென்று ஒரு வாயில் மட்டும் திறந்திருக்கின்றது. இலாபம் கருதாத கல்வி நிலையத்தின் வகுப்பறையிலே, ஆசிரியரும் மாணவரும் நேரிலிருந்து நடத்தும் பாடத்தின் அங்கமாக, முறைப்படி பெற்ற பிரதியைக் காட்டலாம் என்கின்றது 110 ஆம் பிரிவு. அதே படத்தை மாலையிலே மாணவர் திரைப்படக் கழகம் மண்டபத்திலே காட்ட விரும்பினால், உரிமையாளரிடமோ விநியோகத்தாரிடமோ பணங்கொடுத்து உரிமம் பெறுதல் வேண்டும். மீறுவோர்மீது படமொன்றுக்கு 30,000 டொலர் வரையும், வேண்டுமென்றே மீறினால் 150,000 டொலர் வரையும் நட்டஈடு விதிக்கச் சட்டத்திலே இடமுண்டு.

இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி கண்டது. அதன் 52 ஆம் பிரிவு இடத்தை நோக்கவில்லை, பார்ப்போரை நோக்குகின்றது. கல்வி நிலையத்தின் செயற்பாடுகளின்போது ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிலையத்துடன் தொடர்புடையோர் ஆகியோருக்கு மட்டும் படங்காட்டுதல் பதிப்புரிமை மீறலாகாது.

இவ்விரண்டனுள் பின்னதே கல்வியின் இயல்பை உணர்ந்தது எனலாம். படம் முடிந்தபின் மாணவர் தம்முள் வாதிட்டுக் கற்பது பாடவேளையிலே கற்பதற்குக் குறைந்ததன்று. உரிமக் கட்டணம் சுமையாகும்போது கழகங்கள் மண்டபத்தை நிரப்பும் படங்களையே நாடும். அரிய படங்கள் பெட்டிக்குள்ளேயே உறங்கும்.

எனினும், படைத்தவனுக்கு ஊதியம் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதே. சிறு ஆவணப்படக்காரருக்குக் கல்லூரிகள் தரும் பணம் சிறு தொகையன்று. ஆகவே, வெளியாரை அழைத்துக் காட்டும் காட்சிக்கு முழுக் கட்டணமும், மாணவர் தமக்குள் கூடிப் பார்ப்பதற்கு அவர்களால் இயன்ற சிறு தொகையும் என்று வகுத்தல் இரு சாராருக்கும் நீதியாகும். கற்கும் இடத்தை நான்கு சுவர்களால் அளக்கும் சட்டம் கல்வியைக் காப்பதாகாது.