அயல்நாட்டுக் கடையில் ரூபாய்க் கணக்கு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கு விமான நிலையம் கூப்பிடு தூரம். திரிசூலம் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. போய் இறங்கிய பிறகு, அட்டையைத் தேய்க்கும் இடத்தில்தான் தடுமாற்றம். கடைக்காரர் நீட்டும் கருவியில் இரண்டு தொகைகள் தோன்றும்: ஒன்று உள்ளூர் நாணயத்தில், மற்றொன்று ரூபாயில். பழகிய ரூபாயின் மீதே விரல் போகிறது.

அந்த ரூபாய்த் தொகைக்கான மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களோ நம் வங்கியோ அல்ல. அந்தக் கடையின் அட்டைப் பரிவர்த்தனையைக் கையாளும் தரப்பு. அது ஏற்றிவைக்கும் கூடுதல் தொகையில் பெரும்பாலும் கடைக்காரருக்கும் பங்குண்டு. உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தால் நம் வங்கி பொதுவாக 2 முதல் 3.5 விழுக்காடு வரை கட்டணமும், அக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் வசூலிக்கும் என்பது உண்மையே. ரூபாயில் செலுத்தினால் அதிலிருந்து தப்பிவிடலாம் என்றும் எண்ணுவதற்கில்லை. அதற்கும் தனிக் கட்டணம் விதிக்கும் வங்கிகள் இங்கு உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதை விழுக்காட்டில் காட்டியாக வேண்டும். நம் ரிசர்வ் வங்கியும் 2020இல், புதிய அட்டைகளின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளர் கோரினாலன்றி முடக்கிவைக்கப் பணித்தது. அந்த முடக்கத்தை நீக்கும் தருணத்திலேயே இந்த ரூபாய்த் தேர்வு குறித்துத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வங்கிகளுக்கு என்ன தடை?

ஏடிஎம்களிலும் இதே கேள்வி வரும். மாற்றம் வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும்.