ஒரே வீதி, இரண்டு குளங்கள்

ஏ9 வீதியில், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குத் திரும்பும் சந்தியிலிருந்து தெற்கே போய்க்கொண்டேயிருந்தால், வவுனியா தாண்டித் தம்புள்ளை வரும். அங்கும் ஒரு குளம், குளத்தை அண்டி ஒரு கிரிக்கெட் மைதானம். 2010 ஆகஸ்டில் இலங்கை, இந்தியா, நியூசிலாந்து மோதிய முத்தரப்பு ஒருநாள் தொடர் முழுவதும் அங்கேதான் நடந்தது. முதல் ஆட்டத்தில் இந்தியா 88 ஓட்டங்களுக்குச் சுருண்டது; கிண்ணம் கடைசியில் இலங்கைக்கு. இதெல்லாம் மறந்துபோயிற்று. நினைவில் நிற்பது அந்த நோ போல்தான். இலங்கைக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் சேவாக் 99இல், வெற்றிக்கு வேண்டியது ஒரே ஓட்டம். பந்துவீசிய சுராஜ் ரந்தீவ் கோட்டை நன்றாகத் தாண்டிக் கால் வைத்தார். நோ போலின் ஓட்டத்தோடேயே ஆட்டம் முடிந்துவிட்டதால், சேவாக் அடித்த சிக்ஸர் கணக்கில் சேரவில்லை. ரந்தீவுக்கு ஓர் ஆட்டத் தடை, சக வீரர் டில்ஷானுக்கு அபராதம். ஒரு சதம் பறிபோனதற்கு இரண்டு நாடுகளிலும் அவ்வளவு கொதிப்பு! அந்த மாதம் கிளிநொச்சிச் சனம் தறப்பாள் கொட்டில்களில் மீளக் குடியேறிக்கொண்டிருந்தது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட இன்னும் இரண்டு வருடம் கிடந்தது.

தம்புள்ளையில் இருக்கிறது என்பதற்காக இரணைமடுக் கரையிலும் சர்வதேச மைதானம் ஒன்று வேண்டும் என்று யாராவது கிளம்பினால் நான் ஆதரிக்க மாட்டேன். கூரையும் மின்விளக்குக் கோபுரமும் வெட்டுவதற்கு ஒரு நாடாவும் அரசியல்வாதிக்குத் தேவை. பிள்ளைகளுக்குத் தேவை பாடசாலையில் ஒரு புற்தரை ஆடுகளம், சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரு பயிற்றுநர். யாழ்ப்பாணத்து வியாஸ்காந்த் 2023 ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடியபோது வடக்கில் ஒரு சர்வதேச கிரிக்கெட் மைதானமும் இருக்கவில்லை.