பத்துமலைக்கு ரயில் வந்துடுச்சு, ஆனா ஜேபியில ஒரு வேலை பாக்கி இருக்கு

முருகனுக்கு அரோகரா!

கோவில் தொண்டூழியரா இருக்கிறதால தை மாசம் வந்தாலே என்கிட்ட வர்ற கேள்வி, "தம்பி, பத்துமலைக்கு பஸ் போடுறீங்களா?" இந்தத் தடவை நான் பஸ்ஸைப் பற்றி இல்லை, ரயிலைப் பற்றிப் பேசப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது. சிங்கப்பூர்ல தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை இல்லை, அதனால வேலை முடிச்சு ராத்திரிதான் கிளம்பினோம். கடற்பாலத்துல பஸ் மூணு மணி நேரம் மாட்டிக்கிச்சு. நேர்த்திக்கடன் செலுத்த வந்த ஓர் அம்மா, எழுபது வயசுக்கு மேல, சர்க்கரை வேற. கழிவறைக்குப் போகணும்னு கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணியே குடிக்கல. விடியக்காலம் பத்துமலை அடிவாரத்துல தலை சுத்தி உட்கார்ந்துட்டாங்க. 272 படியில ஒரு படிகூட ஏறல. "அடுத்த வருஷம் வரேன் தம்பி"ன்னாங்க. அடுத்த வருஷம் பேர் கொடுக்கவே இல்லை.

இப்போ நிலைமை மாறிக்கிட்டு வருது. 2025 டிசம்பர்ல இருந்து இடிஎஸ் மின்ரயில் ஜேபி சென்ட்ரல் வரைக்கும் வருது. கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம். அங்கிருந்து கொமுட்டர் ஏறினா பத்துமலை வாசல்லயே இறங்கலாம். 2026 கடைசிக்குள்ள ஆர்டிஎஸ் ரயிலும் ஓடணும்னு திட்டம். உட்லண்ட்ஸ் நார்த்ல இருந்து புக்கிட் சாகார் வரைக்கும் 4 கிலோமீட்டர், அஞ்சே நிமிஷம். ஒரு மணி நேரத்துல ஒரு திசையில 10,000 பேர் வரை போகலாம். ரெண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறுற இடத்துலயே முடிஞ்சிடும்.

அப்போ கவலை தீர்ந்ததான்னு கேட்டா, இன்னும் இல்லைன்னுதான் சொல்வேன். இடிஎஸ் ஓடுறது மீட்டர் அகலத் தண்டவாளம். ஆர்டிஎஸ் அதைவிட அகலமான வேற பாதை. அதனால ஒரே ரயில்ல உட்கார்ந்து உட்லண்ட்ஸ்ல இருந்து கேஎல் போக முடியாது. ஜேபியில இறங்கி மாறித்தான் ஆகணும். பெரியவங்களுக்குச் சிரமம் வரப்போறது அந்த இடத்துலதான். பையும் பால்குடமுமா நடந்து போய், இடிஎஸ் கிளம்பிப் போயிட்டா என்ன செய்வாங்க?

என் கருத்து இதுதான். ரெண்டு ரயிலோட நேரமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வேணும். முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டா, மறுபடி காசு கேட்காம அடுத்த வண்டியில ஏத்தணும். தைப்பூசம், தீபாவளி சமயத்துல நடுராத்திரிக்கு அப்புறமும் ஆர்டிஎஸ் ஓடணும். மாறுற வழியில லிஃப்ட், சக்கர நாற்காலி, உட்கார இடம் இருக்கணும்.

"அதிவேக ரயில் வந்தா 90 நிமிஷத்துல போயிடலாமே"ன்னு சிலர் சொல்றாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா 2016-ல ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்ட அந்தத் திட்டம் 2020 கடைசியோட முடிவுக்கு வந்துடுச்சு. மறுபடி வந்தாலும் கட்டி முடிக்கப் பல வருஷம் ஆகும். நம்ம பெரியவங்களால அதுவரைக்கும் காத்திருக்க முடியுமா? நேர அட்டவணையைப் பொருத்த மலை குடைய வேண்டியதில்லை. ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினாலே போதும்.

கேட்காம எதுவும் கிடைக்காது. நம்ம கோவில்கள் சேர்ந்து ரெண்டு பக்கத்துக்கும் ஒரு கடிதம் கொடுக்கலாம். "கூட்டம் வரும்"னு மட்டும் எழுதினா எடுபடாது. எத்தனை பேர், எந்த ராத்திரி, அதுல எத்தனை பேர் அறுபதைத் தாண்டினவங்கன்னு கணக்கோட கொடுக்கணும். அதனால நீங்க எந்த நேரத்துல கிளம்புவீங்க, கூட யார் வருவாங்கன்னு கீழே எழுதுங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்களையும் கேட்டு எழுதுங்க.

அந்த அம்மாவுக்கும் போன் போட்டுக் கேட்கப் போறேன்.

வேலும் மயிலும் துணை.