புளி, ஆசிட், அம்மா

லீவுக்கு ஊருக்குப் போன மறுநாள் காலையில், பாத்ரூமிலிருந்து இருமிக்கொண்டே ஓடி வந்தாள் அம்மா. கண்ணெல்லாம் சிவந்து தண்ணியாக் கொட்டுது. விஷயம் இதுதான். தரையில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறாள். கறை போகலைன்னு அதுமேலேயே டாய்லெட் ஆசிட்டையும் ஊற்றிவிட்டாள்.

ரெண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 1915-ல் பெல்ஜியத்தில் ஜெர்மன்காரன் எதிரிப் படைமேல் திறந்துவிட்டது இதே சாமான்தான். (குளச்சல் போர் 1741-லேயே முடிஞ்சாச்சுன்னு அம்மாகிட்ட யாரும் சொல்லல போல.) அம்மாவை முற்றத்தில் காற்றாட உட்கார வைத்து, இருமல் அடங்கின பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

சித்திக்குத் தகவல் போனதும் அவள் பங்குக்கு ஒரு வாட்ஸப் வீடியோ வந்தது. "கெமிக்கலே வேண்டாம், வினிகரும் சோடா உப்பும் போதும்."

வினிகரும் கெமிக்கல்தானே சித்தி! ரெண்டையும் கலந்தால் புஸ்ஸுன்னு நுரை வரும், பார்க்க ஜோரா இருக்கும். ஆனா அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிட்டு, கடைசியில் மிஞ்சுவது உப்புத்தண்ணி மாதிரி ஒன்று. தனித்தனியா ரெண்டும் உருப்படியான சாமான். இன்னொன்று, அதே வினிகரை பிளீச்சிங் பவுடர்மேல் ஊற்றினாலும் குளோரின் வரும். சமையல்கட்டுச் சாமான்னா சாதுன்னு யார் சொன்னது?

அதுக்காக கடைச் சாமான்தான் ஒசத்தின்னு சொல்ல வரல. சாளை வெட்டின கையை எந்த சோப்பு போட்டாலும் நாத்தம் லேசில் போகாது. அரை எலுமிச்சம்பழம் போதும். மீன் வாடைக்குக் காரணமான ட்ரைமெத்தில் அமீன் ஒரு காரம். எலுமிச்சை அமிலம் பட்டதும் உப்பாக மாறிடும், காற்றில் கிளம்பி மூக்குக்கு வராது, கழுவினால் போய்விடும். பித்தளை விளக்கும் அப்படித்தான். பாத்திர சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், கறுப்பை எடுக்காது. கறுப்பு என்பது செம்பின் ஆக்சைடு, அதைக் கரைக்க புளிதான் வேணும். ஆச்சி கதம்பைச் சாம்பலில் சட்டி தேய்த்ததும் வேதியியல்தான். சாம்பலில் இருக்கிற காரம் எண்ணெயைக் கொஞ்சம் சோப்பாகவே மாற்றிவிடும்.

ஆனா புளியையும் எலுமிச்சையையும் நம்பி ஊரையே கிருமிநீக்கம் பண்ண முடியாது. 2004 சுனாமிக்கு அப்புறம் கடலோரத் தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடரா கிடந்தது. அப்போ எனக்கு ஏழு வயசு, அந்த வாடை இன்னும் மறக்கல. அன்றைக்கு அது தேவைப்பட்டது. அந்த வாடை அடிச்சாத்தான் சுத்தம்னு அம்மா நம்ப ஆரம்பிச்சதும் அப்பத்தான்னு நினைக்கிறேன்.

வீட்டுச் சாமானா கடைச் சாமானான்னு அடிச்சுக்கிறதை விட்டுட்டு, எது அமிலம், எது காரம், எதுகூட எது சேரக்கூடாதுன்னு பாட்டில் முன்பக்கம் பெரிசா தமிழில் போடச் சொல்லணும். வண்டியில் கொண்டுவந்து விக்கிற ஆசிட்டுக்கு லேபிளே கிடையாது.

கிளம்பும் முன்னால் ஆசிட் பாட்டிலில் மார்க்கரால் "பவுடர்கூட சேர்க்காதே"ன்னு எழுதி வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "மக்களே, மஞ்சப்பொடிகூடவா?" என்றாள். அழித்துவிட்டு முழுசா எழுதினேன் :-)