நம் இரண்டு மாவட்டங்களின் 704 ஓட்டு

2024 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது, பென்சில்வேனியா மாநிலத்துக்கு 19 ஓட்டு என்பது நம் பெரம்பலூர்ப் பென்ஷனர்கள் பலருக்கு மனப்பாடமாக இருந்தது. அந்த 19-ம் டிரம்ப் பக்கம் போனதும் "கதை முடிந்தது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அங்கே இருக்கிறார்கள். அக்கறை இருப்பது நியாயம்தான். நாலைந்து பேரிடம் நான் ஒன்று கேட்டேன். "நம் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் பெரம்பலூர் எம்.எல்.ஏ.வுக்கு எத்தனை ஓட்டு?" ஒருவர் "ஒன்றுதானே சார்" என்றார். இன்னொருவர், "அதெல்லாம் டெல்லியில் பேசி முடிக்கிற சமாசாரம், நமக்கென்ன" என்றார்.

இரண்டுமே சரியல்ல. நம் எம்.எல்.ஏ. போடுகிற ஒரு சீட்டுக்கு மதிப்பு 176. அந்த 176 அவர் சொந்த ஓட்டு அல்ல, நம் தலைகளை எண்ணி வந்த கணக்கு. இன்னும் சில ஆண்டுகளில் அது மாறப் போகிறது. ஆகவே இதைப் பற்றி நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

கணக்கு எளிது. மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. எம்.எல்.ஏ.க்கள் 234 பேர். பென்சிலும் காகிதமும் எடுத்து வகுத்துப் பாருங்கள், 176 வரும். எல்லோருக்கும் சேர்த்து 41,184. எம்.பி.க்களுக்கு வேறு கணக்கு: எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 2022 தேர்தலில் அது 700 என்று வந்தது.

"தமிழ்நாட்டில் நாலு கோடிப் பேர்தானா?" என்று புருவத்தை உயர்த்துபவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். விஷயமே அதில்தான் இருக்கிறது.

பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று நம் இரண்டு மாவட்டங்களுக்கும் நான்கு எம்.எல்.ஏ.க்கள். நான்கு 176 என்றால் 704. ஒரு எம்.பி.யின் ஓட்டைவிட நாலு கூடுதல்! 2022 ஜூலை 18 அன்று சென்னைக் கோட்டையில் ஓட்டுப் பதிவு நடந்தது. எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, எம்.பி.க்களுக்குப் பச்சைச் சீட்டு. பெட்டிக்குத் தனியாக விமான டிக்கெட் எடுத்து, இருக்கையில் உட்கார வைத்து டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். ஆட்களுக்குக் கிடைக்காத மரியாதை!

அந்தத் தேர்தலில் தமிழ்நாடு எப்படி ஓட்டுப் போட்டது? ஆளும் தி.மு.க. கூட்டணியின் பலம் 159. அது யஷ்வந்த் சின்காவை ஆதரித்தது. அ.தி.மு.க., பா.ம.க., பா.ஜ.க. மூன்றும் சேர்ந்து 75. அவை திரௌபதி முர்முவை ஆதரித்தன. நம் நான்கு எம்.எல்.ஏ.க்களும் உதயசூரியன் சின்னத்தில் வென்றவர்கள். கூட்டணி முடிவுப்படி பார்த்தால் நம் 704-ம் சின்கா பக்கம். வாக்கு ரகசியமானது, இதற்குக் கொறடா உத்தரவும் கிடையாது என்பதால், அதற்கு மேல் யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நாட்டில் முர்மு 6,76,803 பெற்று வென்றார், சின்காவுக்கு 3,80,177. ஒரு பழங்குடிப் பெண்மணி முதன்முறையாக ஜனாதிபதியானார்.

அது சரியா தவறா என்று நான் வாதாட வரவில்லை. நம் 704 எந்தக் காரணத்துக்காக எந்தப் பக்கம் போனது என்று ஒரு பொதுக்கூட்டத்திலோ கிராம சபையிலோ யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஜெயித்தவருக்கே மொத்த ஓட்டும். 2000-ல் புளோரிடாவில் புஷ் 537 ஓட்டு அதிகம் வாங்கினார், அந்த மாநிலத்தின் 25-ம் அவருக்கே போய் நாட்டையே வென்றார். அந்த முறை இங்கே இருந்தால் 2022-ல் தமிழ்நாட்டின் 41,184-ம் சின்காவுக்கே போயிருக்கும். நம் முறையில் எதிரணியின் 75 பேருக்கும் உரிய 13,200-க்கு இடம் இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் நம் முறைதான் மேல் என்பேன்.

ஆனால் மாநிலத்தின் எடையைக் குறிப்பதில் அவர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை தலையை எண்ணி ஓட்டுகளைத் திருத்துகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் இன்னும் 89 பேர் இருந்திருந்தால் நியூயார்க் தன் ஓட்டில் ஒன்றை இழந்திருக்காது. அவ்வளவு கறார். அதே சமயம், மக்கள்தொகை எப்படி இருந்தாலும் ஒவ்வொரு மாநிலத்துக்கும், மாநிலம் என்ற முறையில், இரண்டு ஓட்டு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கு மூன்று ஓட்டு அப்படித்தான் வந்தது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைப் படிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். பிரான்சின் கதை வேறு. 1958-ல் தெ கோலை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் சுமார் 80,000 பிரதிநிதிகள். 1962 அக்டோபரில் மக்களிடமே கேட்டு அந்த முறையை மாற்றினார்கள். 1965 முதல் ஜனங்களே நேராக ஓட்டுப் போடுகிறார்கள். அதே 1962 ஆகஸ்டில்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு அடித்தளம் போட்ட 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பும் பிரதிநிதிகள் போட்டதுதான்: 178 பேரில் 170 பேர் இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். காரைக்கால் சனங்களின் தலையெழுத்தும் அந்தச் சீட்டுகளில்தான் இருந்தது.

குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது என் பெரியப்பா வீட்டில் பிரெஞ்சு என்றார்கள், எங்கள் வீட்டில் இந்தியா என்றார்கள். சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கும் என் அண்ணன், பெரியப்பா மகன், இன்று காரைக்காலில் இருந்தபடியே பிரான்ஸ் ஜனாதிபதிக்கு நேரடியாக ஓட்டுப் போடுகிறார். நான் என் எம்.எல்.ஏ. வழியாகத்தான் போட முடியும். புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கு அந்த உரிமைகூட 1992-ல் 70-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் கிடைத்தது. முதன்முதலாக 1997-ல் போட்டார்கள்.

எனக்கு அண்ணன் மேல் பொறாமை இல்லை. பிரான்ஸ் ஒரே நிர்வாகமாக ஆளப்படும் நாடு, அங்கே தலைக்கு ஒரு ஓட்டு பொருந்தும். நாமோ மாநிலங்களின் ஒன்றியம். நம் ஜனாதிபதி மாநிலங்களுக்கும் பொதுவானவர். அவர் கையெழுத்து நம் மாநிலத்தை எப்படித் தொட்டது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. நான்கு முறையும் உத்தரவில் ஜனாதிபதியின் கையெழுத்து. கடைசி இரண்டில் கையெழுத்திட்டவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த வெங்கட்ராமன்! நம் சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதாவை ஆளுநர் நிறுத்தி வைத்து மேலே அனுப்பினால் அது போய்ச் சேருவதும் அவர் மேஜைக்குத்தான். அப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலத்தின் எடை சிறிய விஷயமா?

எடை எப்போது வேலை செய்யும் என்பதற்கு 1969 ஒரு உதாரணம். வி.வி. கிரியும் சஞ்சீவ ரெட்டியும் மோதினார்கள். முதல் சுற்றில் யாருக்கும் தேவையான ஓட்டு கிடைக்காமல் இரண்டாவது விருப்ப ஓட்டையும் எண்ண வேண்டி வந்தது. கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. அப்போது 1961 கணக்கெடுப்புப்படி நம் எம்.எல்.ஏ.வின் மதிப்பு 144. கிரியை ஆதரித்த தி.மு.க. 1967-ல் வென்ற இடங்கள் மட்டும் 137. பெருக்கினால் 19,728. தமிழ்நாடு மறுபக்கம் போயிருந்தால் நாட்டின் சரித்திரமே வேறாகியிருக்கும்.

இப்போது அந்த நாலு கோடிக் கணக்குக்கு வருகிறேன். 1961-க்குப் பின் 1971 கணக்கெடுப்பில் 144 என்பது 176 ஆயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. 1976-ல் 42-வது திருத்தம் 1971-ன் எண்ணை உறைய வைத்தது. பிறகு 84-வது திருத்தம் அதை 2026 வரை நீட்டியது. 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்வரை 1971-தான்.

அதனால் ஒரு வேடிக்கை. அந்தத் தேதியில் நான் காரைக்காலில் இருந்ததால் புதுச்சேரி எம்.எல்.ஏ.வின் 16-க்குள் அடக்கம். உடையார்பாளையத்தில் பாவாடை தாவணியோடு இருந்த என் மனைவி தமிழ்நாட்டின் 176-க்குள் அடக்கம். காலமாகிப் பல ஆண்டுகளான என் மாமனாரும் அதில் இருக்கிறார். இங்கே பிறந்து வளர்ந்து ஓட்டுரிமையும் வாங்கிவிட்ட என் பேரன் எதிலும் இல்லை.

வேடிக்கையாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருந்தது. பீகாரைப் பாருங்கள். 1971 கணக்கில் அங்கே எம்.எல்.ஏ.வுக்கு 173, நமக்கு 176. கிட்டத்தட்ட சமம். 2011 மக்கள்தொகையை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: நமக்கு 308, பீகாருக்கு 428. உத்தரப்பிரதேசம் 208-லிருந்து 496-க்குப் போகிறது. மாநிலங்களின் மொத்த ஓட்டில் இன்று நம் பங்கு நூற்றுக்கு ஏழரைக்குச் சற்று மேல். 2011 எண்ணைப் போட்டால் ஆறு. புதிய எண் வந்தால் அதற்கும் கீழேதான் போகும்.

ஏன் இப்படி? நான் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது எழுபதுகளில். சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' வாசகமும் இருந்த காலம். குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்கு ஆள் கூட்டி வர வேண்டும் என்று அலுவலகங்களுக்கு இலக்கு வரும். கர்ணமும் மணியக்காரரும் பருத்திக் காட்டில் வேலை செய்கிறவர்களிடம் போய்ப் பேசுவார்கள். சிலர் மனம் ஒப்பி வந்தார்கள். சிலர் கொடுக்கிற ரொக்கத்துக்காக வந்தார்கள். முகாம் மட்டும் காரணமல்ல. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், மதிய உணவு வந்தது, ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. எப்படியோ, நாடு கேட்டதை இந்தச் சனங்கள் செய்து காட்டினார்கள். அதற்குப் பரிசாக அவர்கள் ஓட்டின் எடை குறையும் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

பீகார்க்காரர் ஒருவர் என் எதிரே உட்கார்ந்தால் கேட்பார்: "ஐயா, நாங்கள் பத்துக் கோடிக்கு மேல், நீங்கள் ஏழு கோடி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே எடை என்றால் எங்கள் ஊரில் பிறந்த குழந்தை என்ன பாவம் செய்தது?" நியாயமான கேள்வி. மக்களவைத் தொகுதி விஷயத்தில் அவர் வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் ஜனாதிபதி விஷயத்தில் நான் சொல்லும் பதில் வேறு. அமெரிக்கா மாநிலத்துக்கு இரண்டு ஓட்டு என்று ஒரு மெத்தை போட்டு வைத்திருக்கிறது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. ராஜ்யசபை இடங்கள்கூட மக்கள்தொகையை ஒட்டித்தான். நமக்கு இருக்கிற ஒரே மெத்தை இந்த 1971. அதையும் உருவிவிட்டால், மக்கள் பெருகிய நான்கைந்து மாநிலங்கள் சேர்ந்து முடிவு செய்கிற பதவியாக அது மாறும். ஆகவே மக்களவைக்கு என்ன தீர்வு கண்டாலும், ஜனாதிபதித் தேர்தலுக்கு 1971 எண்ணே தொடர வேண்டும் என்பது என் கட்சி. வேண்டுமானால் அமெரிக்கா போல மாநிலத்துக்கு இத்தனை என்று ஒரு நிலையான பங்கைச் சேர்க்கலாம்.

2025 மார்ச் 5 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, 1971 அடிப்படை இன்னும் 30 ஆண்டு நீடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நல்ல காரியம். ஆனால் அப்போதும் அதற்குப் பிறகும் ஊரெல்லாம் பேசியது மக்களவையில் நமக்கு எத்தனை இடம் குறையும் என்பதைத்தான். ஜனாதிபதித் தேர்தல் ஓட்டைப் பற்றி டீக்கடையில்கூட ஒருவர் வாய் திறக்கவில்லை.

2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு நடக்கப் போகிறது. 2027 ஜூலைக்குள் அடுத்த ஜனாதிபதித் தேர்தல். 2026-ல் நம் தெருவுக்கு வந்து கும்பிடு போடுகிறவர்களில் ஒருவர்தான் அதில் நம் சார்பில் சீட்டைப் போடுவார். சாலை, தண்ணீர், பட்டா எல்லாம் கேளுங்கள். கூடவே இரண்டு கேள்வி: "ஜனாதிபதித் தேர்தலில் உங்கள் ஓட்டின் மதிப்பு எவ்வளவு தெரியுமா? அதைக் குறையாமல் காக்க என்ன செய்வீர்கள்?" ஜெயித்த பிறகு மூன்றாவது கேள்வி: "யாருக்குப் போடப் போகிறீர்கள், ஏன்?" ரகசிய வாக்கு என்பது அவர் கட்சித் தலைமைக்குப் பயப்படாமல் இருப்பதற்கு. நம்மிடம் காரணம் சொல்லாமல் தப்பிப்பதற்கு அல்ல.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ யாராவது கேட்டுப் பார்த்தால், என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.