பூட்டும் அவங்களே, சாவியும் அவங்களே!

ஆபீசுல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கும் எழுதற ஐடியா இல்லை. ஆனா போன ஞாயித்துக்கிழமை நடந்த ஒரு விஷயம் வயித்தெரிச்சலைக் கிளப்பிடுச்சு. கொட்டித் தீர்க்காட்டி தூக்கம் வராது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

என் சித்தி பையன் மதுரைப் பக்கம் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறான். அவனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கறதுக்காக சித்தி மகளிர் குழுவுல அம்பதாயிரம் லோன் போட்டிருக்காங்க. பையன் பார்ட்ஸ் லிஸ்ட் ஒண்ணு தயார் பண்ணி எனக்கு அனுப்பியிருந்தான். திறந்தா முதல் வரியே இசட்790 மதர்போர்டு. மொத்தக் காசுல மூணுல ஒரு பங்கு அதுக்கே போகுது.

"ஏண்டா இது?"ன்னு கேட்டேன்.

"அண்ணா, காலேஜ் சீனியர் சொன்னாரு. பி போர்டு வாங்கினா ஓவர்கிளாக் பண்ண முடியாதாம். இசட் வாங்கிட்டா பின்னாடி கவலையே இல்லையாம்."

சரி, ப்ராசஸர் என்னன்னு பார்த்தா ஐ3-12100எஃப். பேர்ல கே கிடையாது. அதாவது மல்டிப்ளையர் பூட்டின சில்லு. சாவி போட்ட போர்டை வாங்கி, சாவித் துவாரமே இல்லாத சில்லை அதுல மாட்டப் போறான். சித்தி அந்த லோனுக்கு மாசாமாசம் தவணை கட்டணும்.

பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. அந்த சீனியர் மேலயும் பெருசா இல்லை. இந்தக் குழப்பத்தை ஒரு வியாபாரமாவே நடத்திட்டு இருக்காங்களே, அவங்க மேலதான் கோபம்.

நானும் இதுல அடி வாங்கினவன்தான். 2018, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். சம்பளத்துல மிச்சம் பிடிச்சு எடுத்துக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ரைசன் 5 1600 வாங்கி ஓவர்கிளாக் பண்ணணும்ங்கறதுதான் கனவு. "அண்ணே, இந்த போர்டுல ஓவர்கிளாக் ஆகுமா?"ன்னு தெளிவா கேட்டேன். "ரைசன் எல்லாமே அன்லாக்தான் தம்பி, தாராளமா ஆகும்"னார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பயாஸைக் குடைஞ்சேன். மல்டிப்ளையர்ங்கற சமாச்சாரமே அதுல இல்லை. போர்டு ஏ320.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை பாருங்க. சில்லு திறந்துதான் இருக்கு. போர்டுதான் பூட்டியிருக்கு. மறுநாள் போனா, "பெட்டி பிரிச்சாச்சே தம்பி, வேணும்னா பாதி விலைக்கு எடுத்துக்கறேன்"னார். அழுதுகிட்டே கொடுத்துட்டு, மேல காசு போட்டு பி350 வாங்கினேன். அதே சில்லு, அதே ரேம், அதே ஃபேன். எல்லா கோரும் 3.8 கிகாஹெர்ட்ஸ்ல சமர்த்தா ஓடிச்சு.

இங்கதான் ஒரு விஷயம் யோசிக்கணும். மல்டிப்ளையர் இருக்கறது ப்ராசஸருக்குள்ள. போர்டுல இருக்கற சிப்செட் பார்க்கறது யூஎஸ்பி, சாட்டா மாதிரி எடுபிடி வேலை. அப்புறம் ஏன் சிப்செட் பேரைப் பொறுத்து ஓவர்கிளாக் வருது, போகுது? கம்பெனி அப்படி முடிவு பண்ணியிருக்கு, அவ்வளவுதான் காரணம்.

முன்னாடி இப்படி இல்லை மக்களே. ஓவர்கிளாக்கிங்ங்கறதே காசு இல்லாதவன் கண்டுபிடிச்ச வித்தை. 1998 ஆகஸ்டுல இன்டெல் செலரான் 300ஏ விட்டாங்க. விலை 149 டாலர். பஸ் வேகம் 66, மல்டிப்ளையர் 4.5, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். 440பிஎக்ஸ் போர்டுல பஸ்ஸை 100-க்கு மாத்தினா 450. நிறைய சில்லு முணுமுணுக்காம ஓடிச்சு. அதே மாசம் வந்த பென்டியம் 2 450-ஓட விலை 669 டாலர். கால்வாசிக் காசுக்கும் கம்மியில கிட்டத்தட்ட அதே வேகம்! ரெண்டாயிரத்துல ஏஎம்டி டூரான் வந்தப்ப மக்கள் ஒருபடி மேல போனாங்க. சில்லு மேல இருக்கற குட்டிக் குட்டி இணைப்புகளை பென்சிலால தேய்ச்சு மல்டிப்ளையரைத் திறந்தாங்க. நம்ம நடராஜ் பென்சிலே போதும் :-)

எங்க மாமா பிரவுசிங் சென்டர் வச்சிருந்தார். நாலு மெஷின், எல்லாமே பென்டியம் ஈ2140. 200 தர எட்டு, 1.6 கிகாஹெர்ட்ஸ். மாமா நாலையும் 266-ல ஓட்டினார். 2.13 வந்துச்சு. வோல்டேஜைத் தொடவே இல்லை. சென்டரை மூடற வரைக்கும் ஒரு மெஷின் கூட மக்கர் பண்ணலை. டிப்ளமா முடிச்ச மனுஷன், ஒரு ராத்திரி உக்காந்து சோதிச்சுப் பார்த்து, காசு செலவில்லாம மூணுல ஒரு பங்கு வேகத்தைக் கூட்டினார். பத்து வயசுல அதைப் பக்கத்துல நின்னு பார்த்ததாலதான் நான் இன்னிக்குப் பொட்டி தட்டறேன்.

2011 ஜனவரியில சாண்டி பிரிட்ஜ் வந்துச்சு, கதை மாறிச்சு. பிசிஐஇ, சாட்டா எல்லாத்தையும் ஒரே கடிகாரத்துல கட்டிட்டாங்க. 100-ங்கறதை நாலஞ்சு சதவீதம் ஏத்தினாலே பக்கத்துல இருக்கறதெல்லாம் தடுமாறும். அப்ப மல்டிப்ளையர்தான் ஒரே வழி. அது வேணும்னா கே போட்ட சில்லு வாங்கணும். ஐ5-2500 205 டாலர், 2500கே 216 டாலர். அதோட விட்டிருந்தா பரவாயில்லை. போர்டும் பி67-ஆ இருக்கணும், ஹெச்67-ல ஆகாது. சில்லுக்கு ஒரு டிக்கெட், போர்டுக்கு இன்னொரு டிக்கெட்.

இதுக்கு முந்தின வருஷமே ஒரு கூத்து நடந்துச்சு. 2010-ல பென்டியம் ஜி6951 வாங்கினவங்களுக்கு ஒரு கார்டு வித்தாங்க, விலை 50 டாலர். அதுல இருக்கற கோடைத் தட்டினா ஒரு எம்பி கேஷும் ஹைப்பர்த்ரெடிங்கும் திறந்துக்கும். அதாவது நீங்க ஏற்கனவே வாங்கி வீட்டுல வச்சிருக்கற சில்லுக்குள்ள இருக்கறதை உங்களுக்கே விக்கறது. எல்லாரும் காறித் துப்பினதுல மறு வருஷமே கடையைச் சாத்திட்டாங்க. கடை போச்சு, புத்தி போகலை.

2015 கடைசியில சில போர்டு கம்பெனிகள் கே இல்லாத ஸ்கைலேக் சில்லுகளையும் ஓவர்கிளாக் பண்ற மாதிரி பயாஸ் விட்டாங்க. ஐ3-6100 மாதிரி ஏழை சில்லு 4.4 தாண்டி ஓடிச்சு. ரெண்டு மூணு மாசம்தான். 2016 பிப்ரவரிவாக்குல இன்டெல் மைக்ரோகோடை மாத்தி அந்தக் கதவை அடைச்சாங்க. முடியாத விஷயமா இருந்தா எதுக்கய்யா அடைக்கணும்?

ஏஎம்டி மட்டும் உத்தமரான்னு கேக்காதீங்க. 2017-ல பி350 வரைக்கும் திறந்து விட்டாங்க, அதுக்கு ஒரு கும்பிடு. ஆனா ஏ320, ஏ520, ஏ620 எல்லாம் பூட்டுதான். 2025-ல பி840-னு ஒண்ணு விட்டாங்க. பேரைப் பார்த்தா பி650-க்கு அண்ணன் மாதிரி தெரியும். ஆனா பி650-ல ப்ராசஸரை ஓவர்கிளாக் பண்ணலாம், பி840-ல முடியாது. சீனியரை நம்பற என் சித்தி பையன் மாதிரி ஆளு நேரா அதுல போய் விழுவான்.

இப்ப எதிர்வாதத்துக்கு வருவோம். "கள்ள வியாபாரிங்க வேகம் கம்மியான சில்லு மேல எழுத்தை அழிச்சு, வேகமான சில்லுன்னு வித்தாங்க. அதனாலதான் மல்டிப்ளையரைப் பூட்டினாங்க." உண்மைதான். தொண்ணூறுகள்ல அது நியாயமான காரணம். ஆனா தனியா காசு வாங்கிக்கிட்டு திறந்த சில்லை நீங்களே விக்க ஆரம்பிச்ச அன்னிக்கே அந்தக் காரணம் செத்துப்போச்சு.

"மலிவு போர்டுல கரண்ட் தாங்காது, எரிஞ்சுடும். பாதுகாப்புக்குத்தான் பூட்டு." இதுல பாதி உண்மை இருக்கு. விஆர்எம்-னு ஒரு பகுதி இருக்கே, 12 வோல்ட்டை ஒண்ணேகாலுக்குப் பக்கத்துல இறக்கறது, அதுதான் போர்டோட உயிர். ப்ராசஸர் 1.2 வோல்ட்ல 120 வாட் இழுத்தா 100 ஆம்பியர். வோல்டேஜை 1.2-லேருந்து 1.4-க்கு ஏத்தி வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினா, சூடு கிட்டத்தட்ட அம்பது சதவீதம் கூடும். ஏன்னா வோல்டேஜ் வர்க்கத்துல ஏறும். ஹீட்சிங்க் இல்லாத மாஸ்ஃபெட் அதைத் தாங்காது. ஒத்துக்கறேன்.

அப்படின்னா, இந்த போர்டு தொடர்ந்து இத்தனை ஆம்பியர் தாங்கும்னு பெட்டி மேல அச்சடிங்க. மிக்ஸி வாங்கினா கூட அடியில வாட் போட்டிருக்கான். போர்டுப் பெட்டியில டிராகன் படம் இருக்கு, ஆர்ஜிபி லைட் எத்தனை நிறம்னு இருக்கு, இந்த ஒரு எண் மட்டும் கண்ணுல படாது. பாதுகாப்பு மேல அக்கறை இருக்கறவன் அளவைச் சொல்லுவான்.

அந்த அக்கறையோட லட்சணத்தை 2024-ல பார்த்தோமே. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பெரிய சில்லுகள் நிலையில்லாம போய் கேம் எல்லாம் கிராஷ் ஆச்சு. நிறைய போர்டுகள் வாங்கின நாள்லேருந்தே இன்டெல் பரிந்துரைச்ச மின்வரம்பைத் தாண்டித்தான் ஓடிட்டு இருந்துச்சு. அது போக, மைக்ரோகோடே தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டுச்சுன்னு இன்டெலே ஒத்துக்கிட்டு, ஆகஸ்டுல திருத்தம் விட்டு, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டினாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஏஎம்டியோட 7000எக்ஸ்3டி சில்லுகள் சிலது கருகிப்போக, எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-க்கு மேல போகக்கூடாதுன்னு எல்லா போர்டுக்கும் புது பயாஸ் வந்துச்சு. எங்க மாமா ஏத்தினா வாரண்டி காலி. அவங்களே ஏத்தி வித்தா அதுக்குப் பேரு பெர்ஃபார்மன்ஸ்.

"காசு வாங்கிட்டு வசதி தர்றது வியாபாரம்தானே"ன்னு கேக்கறவங்களுக்கு: கோர் அதிகமா, காசு அதிகம். சரி. பஸ்ஸுல ஏசி இருக்கா, டிக்கெட் அதிகம். அதுவும் சரி. டிக்கெட் வாங்கி உக்காந்தப்புறம், ஜன்னலைத் திறக்க தனியா காசுன்னா?

திட்டியாச்சு. இனி உருப்படியா நாலு விஷயம்.

1. கே சில்லு வாங்கலைன்னா இசட் போர்டு வேண்டாம். இன்டெல்ல ஹெச்610, பி660, பி760, பி860 எதுலயும் மல்டிப்ளையர் ஓவர்கிளாக் கிடையாது. பி வரிசையில ரேம் வேகத்தை ஏத்திக்கலாம், ஹெச்610-ல அதுவும் கிடையாது. ஏஎம்டியில பி450, பி550, பி650, பி850 திறந்தது.

2. காசை விஆர்எம்ல போடுங்க. மாஸ்ஃபெட் மேல நிஜமான உலோக ஹீட்சிங்க் இருக்கா பாருங்க. பெட்டியில போட்டிருக்கற ஃபேஸ் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீங்க, ஒவ்வொரு மாஸ்ஃபெட்டும் எத்தனை ஆம்பியர்னு தேடுங்க. ஓவர்கிளாக் பண்ணாட்டியும் நம்ம ஊரு மே மாச வெயிலுக்கு இது உதவும்.

3. ப்ராசஸர் மாட்டாமலே பென் டிரைவ்லேருந்து பயாஸ் ஏத்தற பட்டன் இருந்தா நல்லது. கடையில தூங்கற பழைய ஸ்டாக் போர்டு புது சில்லை அடையாளம் தெரியாம முழிக்கும்.

4. இப்ப வர்ற சில்லெல்லாம் தன் வேகத்தைத் தானே எல்லை வரைக்கும் ஏத்திக்குது. 300ஏ மாதிரி ஒண்ணரை மடங்கு கனவு காணாதீங்க. இன்னிய ஏழை ஓவர்கிளாக் தலைகீழ் வித்தை, அதாவது வோல்டேஜைக் குறைக்கறது. ரைசன் 5000-லேருந்து கர்வ் ஆப்டிமைசர்னு பயாஸ்ல இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, ஒவ்வொரு தடவையும் சோதிச்சுப் பாருங்க. சூடு குறையும், மிச்சமான இடத்துல வேகம் தானா ஏறும். அப்புறம் 6000-னு எழுதியிருக்கற டிடிஆர்5 ரேம் மாட்டினவுடனே பெரும்பாலும் 4800-லதான் ஓடும். பயாஸ்ல எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ ஆன் பண்ணணும். அதையும் ஓவர்கிளாக்னுதான் அடிக்குறிப்புல எழுதி வச்சிருக்காங்க, அது தனிக் கூத்து.

சித்தி பையனோட லிஸ்ட்டை உக்காந்து மாத்தினோம். ஹீட்சிங்க் இருக்கற பி550 போர்டு, ரைசன் 5 5600. ஏஎம்4-க்கு இனி பெரிய எதிர்காலம் இல்லைன்னு சொல்லித்தான் எடுத்தோம். போர்டுல மிச்சமான காசுல நல்ல எஸ்எஸ்டியும் உருப்படியான பவர் சப்ளையும் வந்துச்சு. "அப்ப ஓவர்கிளாக் பண்ணலாமா அண்ணா?"ன்னான். "பண்ணுடா, எரிஞ்சா என்கிட்ட சொல்லு, சித்திகிட்ட சொல்லாதே"ன்னேன்.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த தடவை ஒரு பையன் வந்து போர்டு எதுன்னு கேட்டா, "இசட் வாங்கிடு, கவலை இல்லை"ன்னு ஒரு வரியில முடிக்காதீங்க. அது யார் வீட்டு லோன்னு நமக்குத் தெரியாது.

பி.கு: மாமா இந்தப் பதிவைப் படிச்சுட்டு போன் பண்ணினார். அவர் ஓட்டினது 266 இல்லையாம், முதல்ல 333-க்கே போனாராம். ரெண்டு மெஷின் தாங்கலைன்னு இறக்கினாராம். இத்தனை வருஷம் கழிச்சு உண்மையை ஒத்துக்கிட்டார் :-)