யானையா? டொமினாரா? போடிமெட்டு ரோட்டில் ஒரு கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு. அப்பாவிடம் 2011 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 (கிளாசிக் என்று யார் சொல்கிறார்கள்? ஊருக்கே அது புல்லட்தான்). சித்தப்பா 2017ல் வாங்கியது பஜாஜ் டொமினார் 400. சிலமலையில் இரண்டும் ஒரே திண்ணை ஓரமாகத்தான் நிற்கின்றன. எது நல்ல வண்டி என்று சண்டை போடாமல் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடியாது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியவர்களின் தீர்ப்பு இது :-)

இந்தச் சண்டையை ஆரம்பித்தது நாங்கள் இல்லை. 2017ல் பஜாஜே ஆரம்பித்தது. அந்த விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? ஹெல்மெட் போட்ட ஒரு கும்பல் யானை மேல் ஆடி ஆடிப் போகும். டொமினார்க்காரர்கள் சர்ரென்று தாண்டிப் போவார்கள். "யானையைக் கட்டி மேய்க்காதே" என்று முடியும். பெயர் சொல்லவில்லை என்றாலும் யானை யார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தேவாரம் பக்கம் நிஜ யானையே தோட்டத்தில் இறங்குகிற ஊர்க்காரர்களுக்கு யானையைப் பற்றிப் பாடம்!

சரி, யானைக்கு எவ்வளவு எடை? அந்தக் கிளாசிக் சுமார் 190 கிலோ, டொமினார் 182. ஏழெட்டு கிலோவுக்கா இத்தனை கேலி?

எடையை விடுங்கள். உண்மையான வித்தியாசம் இன்ஜினில் இருக்கிறது. கிளாசிக் 346 சிசி, காற்றில் குளிர்வது, 20 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் கம்மி. டொமினார் 373 சிசி, கூலன்ட் ஊற்றுவது, 35 பி.எஸ். பேப்பரில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் இழுவையைப் பாருங்கள். கிளாசிக்கின் உச்ச இழுவை 28 நியூட்டன் மீட்டர், அது 4,000 ஆர்.பி.எம்.மிலேயே கிடைத்துவிடும். டொமினாரின் 35 நியூட்டன் மீட்டருக்கு 6,500 வரை முறுக்க வேண்டும்.

முந்தல் தாண்டி மலை ஏறியவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஒரு ஆள், டேங்க் மேல் ஒரு பை, எதிரே ஏலத்தோட்டத்து ஜீப். அந்த நேரத்தில் புல்லட் இரண்டாவது கியரில் முனகாமல் ஏறும். டொமினாரில் கியரைக் குறைத்து, முறுக்கி, அடுத்த வளைவில் மறுபடி குறைத்து... கைக்கு வேலை ஓயாது. ஏற்றம் புல்லட்டுக்கு.

மதுரை தாண்டி நாற்கரச் சாலையில் விட்டால் கதை தலைகீழ். புல்லட் 80ல் சந்தோஷமாக இருக்கும், அதற்கு மேல் கைப்பிடி கையில் பேச ஆரம்பிக்கும். டொமினார் ஆறாவது கியரில் 100ஐத் தாண்டியும் சாவகாசமாகப் போகும். சென்னைக்குப் போய் இறங்கினால் இடுப்பு இருக்கும். நெடும்பயணம் டொமினாருக்கு.

இதுவரை ஒன்றுக்கு ஒன்று சமம். இனிதான் முக்கியமான விஷயம். ஏறின வண்டி இறங்கணும் இல்லையா?

2011 கிளாசிக்கில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏ.பி.எஸ். கிடையாது. 2018ல்தான் கிளாசிக்குக்கு ஏ.பி.எஸ். வர ஆரம்பித்தது. டொமினாரில் 2016 டிசம்பரில் அறிமுகமானபோதே இரண்டு சக்கரத்துக்கும் இருந்தது. ஆனால் எல்லா டொமினாரிலும் இல்லை! அன்றைய டெல்லி ஷோரூம் விலை ஏ.பி.எஸ். இல்லாமல் 1.36 லட்சம், இருந்தால் 1.50 லட்சம். யானையைக் கேலி செய்த கம்பெனியும் 14,000 ரூபாய்க்குக் குறைத்து அதே பிரேக் இல்லாத வண்டியை விற்றது.

சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை சென்சார் கண்டுபிடித்து, நொடிக்குப் பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதுதான் ஏ.பி.எஸ். அதனால் பிடித்தபடியே ஹேண்டிலைத் திருப்ப முடியும். மழைக்காலத்தில் மண்ணும் சருகும் வழிந்து கிடக்கிற வளைவில், பத்தடி தூரம் தெரியாத பனிமூட்டத்தில் இது இல்லாத வண்டி வழுக்கினால் கீழே பள்ளம். (தோட்டத்துக்குள் ஜல்லிப் பாதையில் ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைக் கூட்டும், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அங்கே நாம் போகிற வேகம் இருபது.)

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். பிறகென்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். நம் வகுப்பில் யார் புது வண்டி வாங்குகிறார்கள்? எல்லாம் செகண்ட் ஹேண்ட். 2012, 2015 மாடல் "ஒரே ஓனர், சத்தம் சூப்பர்" வண்டிகள்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதம் ஆனது. அதற்கு மேலே 40 சதவீதம். 349 சிசி புது கிளாசிக் ஒரு பக்கம், 373 சிசி டொமினார் மறுபக்கம். 24 சிசிக்கு 22 சதவீதம்! யானை வரியில் ஜெயித்துவிட்டது. விற்பனையில் எப்போதோ ஜெயித்தாயிற்று. மாதம் பத்தாயிரம் டொமினார் என்பது பஜாஜின் கனவு, பக்கத்தில்கூட வரவில்லை. 1955லிருந்து சென்னையில் தயாராகிற வண்டியைக் கேலி செய்தால் நம்மாள் கோபப்படாமல் என்ன செய்வான்?

என் தீர்ப்பு: மலைக்கே அதிகம் போகிறவர் புல்லட் வாங்குங்கள், வெளியூர் சுற்றுகிறவர் டொமினார் வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஏ.பி.எஸ். உள்ள வருஷத்து வண்டியாகப் பாருங்கள். முன் சக்கரத்தில் டிஸ்க் பக்கத்தில் பல்லுப் பல்லாக ஒரு வளையம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். இல்லையென்றால், பத்தாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பி.கு: அப்பாவின் புல்லட் இப்போது தேவாரம் ரோட்டில் மட்டும்தான் ஓடுகிறது. மெட்டுக்கு டொமினார். அது ஏ.பி.எஸ். மாடல். சித்தப்பா இதைப் படித்துவிட்டு ரொம்பத் துள்ள வேண்டாம், ஏற்றத்தில் ஜெயித்தது புல்லட்தான் :-)